ஹாஃப் க்ளட்ச்

சர்வீஸ் சென்டர்களில் ஒரு வசனம் உண்டு. வண்டியில் எந்தப் பாகம் போனாலும் சரி, அட்வைசர் தம்பி ஜாப் கார்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அதைச் சொல்லிவிடுவார்: "சார், நீங்க ஹாஃப் க்ளட்ச்ல ஓட்டுறீங்க." போன வருஷம் எனக்கும் சொன்னார்கள். நான் போனது ஏசி வேலை செய்யவில்லை என்ற புகாரோடு.

தலையை ஆட்டினேன், பில்லைக் கட்டினேன், வெளியே வந்து மனைவியிடம் கோபப்பட்டேன். சராசரி கஸ்டமரின் வீரம் அவ்வளவுதான். இத்தாலியில் ஒருவர் ஏறத்தாழ இதே வசனத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், சொந்தமாகக் கார் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். அவர் பெயர் ஃபெரூச்சியோ லம்போர்கினி. வசனத்தைச் சொன்ன அட்வைசர் தம்பியின் பெயர் என்ஸோ ஃபெராரி.

கதை உங்களுக்கு வாட்ஸப்பில் வந்திருக்கும். பின்னணியில் எழுச்சி இசை, ஓரத்தில் சூரிய உதயம், கடைசியில் அவமானத்தைப் படிக்கட்டாக்கச் சொல்லி ஓர் அறிவுரை. அதில் ஃபெராரி திமிர் பிடித்த வில்லன். லம்போர்கினி பாவப்பட்ட ஏழை விவசாயியின் மகன். ஏழை எப்படி ஐயா ஃபெராரி வாங்கினான் என்று அந்த குரூப்பில் ஒருவரும் கேட்பதில்லை, எல்லோரும் கைகூப்பி எமோஜி போடுவதில் மும்முரம்.

விவசாயி மகன் என்பது நிஜம்தான். 1916 ஏப்ரல் 28, வட இத்தாலியில் சென்டோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ரெனாட்சோ கிராமம், திராட்சை பயிரிடும் குடும்பம். பையனுக்கு நாட்டம் கொடியில் இல்லை, ஸ்பானரில். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய விமானப்படையின் மெக்கானிக்காக ரோட்ஸ் தீவில் வண்டி பழுது பார்த்தார். போர் முடிந்து ஊருக்கு வந்தால் கண்ட இடமெல்லாம் ராணுவம் விட்டுப்போன பழைய இரும்பு. மற்றவர்கள் அதைக் குப்பை என்றார்கள். இவர் அதிலிருந்து இன்ஜின், டிஃபரன்ஷியல் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி ட்ராக்டர் செய்தார். போருக்குப் பிந்தைய இத்தாலிக்குப் பசி, பசிக்கு உழவு, உழவுக்கு ட்ராக்டர். 1948-இல் கம்பெனி. பத்தே வருஷத்தில், முன்பு நாம் பார்த்த ஏழை காணாமல் போய்விட்டார்.

அதே 1948-இல் இன்னொரு சம்பவமும் நடந்தது. வாட்ஸப்காரர்கள் இதை விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள், பின்னால் தேவைப்படும். மில்லே மிலியா என்று இத்தாலியின் பொதுச்சாலைகளில் ஆயிரம் மைல் ஓடும் பந்தயம் ஒன்று இருந்தது. நம் ஆள் ஒரு குட்டி ஃபியட் டோபொலினோவை எடுத்து, இன்ஜினைத் தன் கைப்பட மாற்றிப் பெரிதாக்கி, களத்தில் இறங்கினார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நன்றாகவே போனார். அப்புறம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனார். வாசல் வழியாக அல்ல, சுவர் வழியாக.

பந்தய ஆசை அன்றோடு தீர்ந்தது. கார் ஆசை தீரவில்லை. காசு சேரச் சேர ஷெட்டில் வண்டி சேர்ந்தது. மெர்சிடிஸ், ஜாகுவார், மசராட்டி, 1958-இல் ஒரு ஃபெராரி 250 ஜிடி. கல்யாண மண்டபம் கட்டி முடித்த கையோடு இன்னோவா வாங்கும் நம்மூர் அண்ணாச்சிகளைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே பூரிப்பு. அதே சட்டை பட்டன் இழுப்பும்.

இனி கவுன்டருக்கு அந்தப் பக்கம் போவோம்.

என்ஸோ ஃபெராரி, 1898-இல் மொடேனாவில் பிறந்தவர். அறைக்குள் இருந்தாலும் கறுப்புக் கண்ணாடி. ஊதா மையில்தான் கையெழுத்து. ஊழியர்களும் பத்திரிகைக்காரர்களும் 'கொமெந்ததோரே' என்று பட்டம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பந்தய கார் உலகத்துக்கே போப்பாண்டவர் மாதிரி, தன் ஆலை இருந்த மாரனெல்லோவில் உட்கார்ந்திருந்தார். தரிசனத்துக்கு ராஜாக்கள், சினிமா நட்சத்திரங்கள், ஆலை முதலாளிகள் என்று வரிசை நிற்கும். காரை வாங்க வந்தவர்களை அவர் எப்படிப் பார்த்தார் என்பதுதான் வேடிக்கை. அவருக்கு உயிர் ரேஸ். ரேஸுக்குப் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் சாலைக் கார் விற்க வேண்டும். ஆக, கஸ்டமர் என்பவர் அவருக்கு நடமாடும் உண்டியல்.

1962-இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் கஸ்டமர்களை அவரே மூன்று ஜாதியாகப் பிரித்தார். பந்தயப் பிரியர்கள், ஐம்பது வயதுக்காரர்கள், பகட்டுக்காரர்கள். ஐம்பது வயதுக்காரர் என்றால் இளமையைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யப் பார்ப்பவர். கவனியுங்கள், இது ஏதோ டீக்கடையில் நண்பரிடம் அடித்த கமென்ட் அல்ல. இன்னும் கார் விற்றுக்கொண்டிருக்கும் முதலாளி, கஸ்டமர் உயிரோடு இருக்கும்போதே, புத்தகத்தில் அச்சடித்து வெளியிட்டது. அதற்குப் பிறகும் மூன்று ஜாதியும் வரிசையில் நின்று வாங்கின.

திமிரோடு பிறந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, இருபது வயதில் வேலை கேட்டு டூரினில் ஃபியட் கம்பெனிக் கதவைத் தட்டினார். இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வாலெந்தினோ பூங்காவில் பனி படிந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுததாக அவரே எழுதியிருக்கிறார். 1947-இல் அதே டூரினில் அவருடைய கார் ஜெயித்தபோது, அதே பெஞ்சைத் தேடிப்போய், அதில் உட்கார்ந்து மறுபடி அழுதார். ஏறத்தாழ முப்பது வருஷம் ஒரு பெஞ்சின் அட்ரஸை மனதில் பத்திரமாக வைத்திருந்த மனுஷன். கடன் கொடுத்தவன்கூட இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்க மாட்டான்.

இன்னொன்று. இருபதுகளில் அவர் மொடேனாவில் கார் பாடி கட்டும் தொழில் ஆரம்பித்து நொடித்திருக்கிறார். பிறகு ஆல்ஃபா ரோமியோவுக்கு எமிலியா வட்டாரத்து ஏஜென்டாக இருந்து கார் விற்றிருக்கிறார். அதாவது மகா ரிஷி போலக் காட்சி தந்த என்ஸோ, சுத்தமான, அசலான, கமிஷன் வாங்கிய கார் டீலர். கஸ்டமரை உள்ளும் புறமும் தெரிந்து வைத்திருந்ததால்தான் அவருக்கு அவர்கள் மேல் அந்த அளவு மரியாதை.

மேடை தயார். அறுபதுகளின் ஆரம்பம். லம்போர்கினியின் ஃபெராரியில் க்ளட்ச் அடிக்கடி வழுக்குகிறது. மாரனெல்லோவுக்குக் கொண்டுபோனால் வண்டியை உள்ளே இழுத்துப் போய்விடுகிறார்கள், பல மணி நேரம் கழித்துத் தருகிறார்கள், என்ன செய்தார்கள் என்று பார்க்க விடுவதில்லை. ('கஸ்டமர்கள் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது' என்ற மஞ்சள் கோட்டைக் கண்டுபிடித்தது யார் என்று இப்போது புரிகிறதா?) கொஞ்ச நாளில் மறுபடி வழுக்கல். கடைசியில் வண்டியைத் தன் ட்ராக்டர் ஆலைக்கே கொண்டுபோய் மெக்கானிக்குகளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்.

பிரித்துப் பார்த்தால் சிரிப்பா, அழுகையா என்று தெரியாத நிலை. உலகத்தின் மிக ராஜசமான காருக்குள் இருந்த க்ளட்சும், அவர் தன் ட்ராக்டருக்கு மொத்தமாக வாங்கும் க்ளட்சும் ஒரே கம்பெனியுடையவை. விலை மட்டும் ஃபெராரி பில்லில் பல மடங்கு. பட்டுச்சேலைக் கடையில் உயிரைக் கொடுத்து வாங்கிய சேலையின் ஓரத்தில், உங்கள் சொந்தத் தறியின் முத்திரையைப் பார்த்தால் எப்படி இருக்கும்? வேறு நல்ல க்ளட்ச் ஒன்றைப் போட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது. புத்தியுள்ளவன் அத்தோடு நிறுத்தியிருப்பான்.

நம்மவர் நேராகப் போய் என்ஸோவிடம், உங்கள் கார் சரியில்லை என்று சொன்னார்.

ட்ராக்டர்க்காரரின் சொல்படி, பெரியவர் கொடுத்த பதிலின் சாரம் இது: காரில் கோளாறு இல்லை, ஓட்டுபவரிடம்தான் கோளாறு. உனக்கு ட்ராக்டர் ஓட்டத் தெரியும், ஃபெராரி ஓட்டத் தெரியாது. வேறு வார்த்தைகளில், சார், நீங்க ஹாஃப் க்ளட்ச்ல ஓட்டுறீங்க.

இங்கே வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டுவோம். இந்தச் சந்திப்பின் கதை நமக்குக் கிடைத்தது ஒரு தரப்பிலிருந்துதான். லம்போர்கினி பல வருஷம் கழித்துப் பேட்டிகளில் சொன்னார், அவருக்குப் பின் மகன் டோனினோ சொன்னார், சொல்லச் சொல்ல மெருகு ஏறியது. ஒரு வடிவத்தில் நேருக்கு நேர் மோதல். இன்னொன்றில் அவரை வெளியே காக்க வைத்தே கொன்றார்கள். நாமும் மேனேஜரோடு போட்ட சண்டையை முதல் நாள் வீட்டில் சொல்வதற்கும், பத்தாம் நாள் கல்யாண வீட்டில் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்கிறது? முதல் நாள் நாம் முணுமுணுத்த வாக்கியம், பத்தாம் நாளில் மேஜையைத் தட்டிச் சொன்னதாகிவிடும்.

அப்படியே நடந்ததாகவே வைத்துக்கொள்வோம். பெரியவர் சொன்னதில் துளிகூட நியாயமில்லையா? எதிரே நின்ற ஆள், பந்தயத்தில் சாப்பாட்டுக் கடையின் சுவரை இடித்து உள்ளே போனவர். ட்ராக்டர் மட்டும் ஓட்டத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிடச் செங்கல் செங்கலாக எடுத்து வைக்கும் சாட்சி கிடைக்குமா? நான் ஃபெராரி பக்கத்து வக்கீலாக இருந்தால் அந்தக் கடைக்காரரைக் கூண்டில் ஏற்றியிருப்பேன்.

ரோஷத்தால்தான் லம்போர்கினி கார் கம்பெனி தொடங்கினார் என்பதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. க்ளட்ச் விலையைப் பார்த்த நொடியில் அந்த மனுஷனுக்குள் இருந்த கஸ்டமர் கொதித்திருக்கலாம், வியாபாரி கண்ணைச் சிமிட்டியிருப்பான். ட்ராக்டர் பாகத்தை அதே பாகமாக வைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்த வண்டிக்குள் மாட்டினால் இத்தனை மடங்கு கிடைக்குமா? அட, நம்மிடம் கிடங்கு நிறைய இருக்கிறதே! அவமானப்பட்டவன் தூங்க மாட்டான் என்பார்கள். லாபக் கணக்கு தெரிந்தவனும் தூங்க மாட்டான்.

கார் செய்ய ஆள் வேண்டுமே? அதற்கான ஏற்பாட்டை யார் செய்து வைத்திருந்தார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் என்ஸோ.

அது தனிக் கூத்து. என்ஸோவின் மனைவி லௌரா ஆலைக்குள் வந்து எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைக்கிறார் என்று மூத்த அதிகாரிகளுக்கு மனக்குறை. 1961-இல் விற்பனை மேலாளர் கார்தீனி, தலைமைப் பொறியாளர் கீத்தி, பொறியாளர் பிட்சாரினி முதலானவர்கள் கூடி யோசித்து, அம்மையாரைக் கொஞ்சம் அடக்கி வைக்கும்படி முதலாளிக்கு வக்கீல் மூலம் கடிதம் அனுப்பினார்கள். முதலாளியிடம் அவர் மனைவியைப் பற்றிப் புகார். அதுவும் எழுத்தில். அதுவும் வக்கீல் வைத்து. இவ்வளவு புத்திசாலிகள் எப்படி அவ்வளவு நல்ல கார் செய்தார்கள் என்பது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மொத்தக் கூட்டத்தையும் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார் என்ஸோ. எமிலியா வட்டாரத்தில் திடீரென்று முதல் தரமான ரேஸ் கார் மூளைகள் வேலை இல்லாமல் காபி குடித்துக்கொண்டிருந்தன. பிட்சாரினி சாதாரண ஆள் இல்லை, ஃபெராரி 250 ஜிடிஓவை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். லம்போர்கினிக்கு என்ஸோ தந்தது ஓர் அவமானம் என்கிறது வாட்ஸப். அவமானத்தோடு ஒரு ஆர் அண்ட் டி டிபார்ட்மென்டும் சேர்த்துத் தந்தார் என்பதை விட்டுவிடுகிறது.

லம்போர்கினி கார் கம்பெனி தொடங்கிய 1963, என்ஸோவுக்கு கஸ்டமர் சர்வீஸில் மகத்தான வருஷம். அதே வருஷம் அமெரிக்காவிலிருந்து இன்னொரு கஸ்டமர் வந்தார். அவர் கார் வாங்க வரவில்லை, கடையையே வாங்க வந்தார். இரண்டாம் ஹென்றி ஃபோர்டு. பேச்சுவார்த்தை ஏறத்தாழ முடிந்து, கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில், ரேஸ் செலவுக்கு அமெரிக்காவிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற ஷரத்து என்ஸோ கண்ணில் பட்டது. ஊதா மை பொங்கியது. பேரம் முறிந்தது. கொதித்துப்போன ஃபோர்டு, ஜிடி40 என்ற காரைக் கட்டி, 1966-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் அள்ளிக்கொண்டு போனார். அதை வைத்து 2019-இல் ஹாலிவுட்டில் படமே எடுத்துவிட்டார்கள். ஒரே ஆள், ஒரே காலகட்டம், கோபித்துக்கொண்டு போன இரண்டு கஸ்டமர்களும் பதிலுக்குக் கார் கட்டினார்கள். கூகுள் ரிவ்யூவில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போகிற நாமெல்லாம் எவ்வளவு சாதுக்கள்!

திரும்ப நம் ட்ராக்டர்க்காரரிடம் வருவோம். மாரனெல்லோவிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், சான்டகாட்டா போலொன்யேசே என்ற ஊரில், 1963-இல் புது ஆலை. ஃபெராரி சின்னம் துள்ளும் குதிரையா? அப்படியானால் நமக்கு முட்டும் காளை. தான் பிறந்தது ரிஷப ராசி என்பது காரணம். (குதிரையும் என்ஸோவின் சொந்தக் கற்பனை இல்லை. முதல் உலகப் போரில் மாண்ட விமானி பராக்காவின் விமானத்தில் இருந்தது. அவருடைய தாயார் அதிர்ஷ்டம் வரும் என்று போட்டுக்கொள்ளச் சொன்னது.) ஆக ஐரோப்பாவின் நவநாகரிகப் பந்தயம் ஒன்று, ஓர் அம்மாவின் சென்டிமென்ட்டுக்கும் ஒரு ஜாதகத்துக்கும் இடையே நடந்தது.

இன்ஜினை பிட்சாரினியிடம் கொடுத்தார். 12 சிலிண்டர், 3.5 லிட்டர். ஃபெராரி இன்ஜினைவிடக் கூடுதலாக வரும் ஒவ்வொரு குதிரைத் திறனுக்கும் தனி போனஸ் என்று ஒப்பந்தம் என்பார்கள். இப்படி ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும்? கொத்தனாருக்குச் செங்கல் கணக்கில் கூலி பேசினால் சுவர் எவ்வளவு தடிமனாக வருமோ, அப்படித்தான். பிட்சாரினி குதிரைகளைத் திணித்துத் திணித்து அப்பட்டமான ரேஸ் இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தார். லம்போர்கினி கேட்டது, சத்தமில்லாமல் சொகுசாகப் போகும் கார். வந்தது, மூக்கில் புகை விடும் காளை. காசு கொடுத்து ஏற்றிய குதிரைகளில் சிலவற்றை இறக்கிவிட, தல்லாரா என்ற 27 வயதுப் பொறியாளரிடம் அந்த இன்ஜின் ஒப்படைக்கப்பட்டது. பையன் முன்பு வேலை பார்த்த இடம்? ஃபெராரி. வேறெங்கே!

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம்.

1963 இலையுதிர் காலம், டூரின் மோட்டார் ஷோ. லம்போர்கினியின் முதல் கார் 350 ஜிடிவி உலகத்துக்கு முகம் காட்ட வேண்டும். கார் வந்தது. பாடி வந்தது. இன்ஜினும் வந்தது. ஒரே ஒரு சிக்கல், இன்ஜினை உள்ளே வைத்தால் பானெட் மூடவில்லை. ஒருவர் பாடியை வரைந்தார், இன்னொருவர் இன்ஜினைச் செய்தார், இருவரும் அளவை ஒப்பிட்டுக்கொள்ள மறந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தாயிற்று, தாலி மண்டப வாசலுக்குள் நுழையவில்லை என்ற கதை.

முதலாளி என்ன செய்தார்? இன்ஜினைக் கழற்றி வெளியே வைத்தார். வண்டியின் மூக்கு தூக்காமல் இருக்கப் பானெட்டுக்குள் செங்கல்லை அடுக்கினார். பூட்டினார். ஷோ முடியும்வரை திறக்கவே இல்லை. சில வருஷங்களுக்கு முன்பு, தன் காரை உள்ளே இழுத்துப் போய் என்ன செய்கிறார்கள் என்று காட்ட மாட்டேன் என்கிறார்களே என்று கொதித்தாரே ஒரு கஸ்டமர், அதே மனுஷன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் போய் நின்று முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

செங்கல் பக்கத்தில் நிற்பது அவருக்குப் புதிதல்ல, 1948-இல் அந்தக் கடைச் சுவரோடு ஏற்பட்ட பரிச்சயம்தான். ஆனால் ஒரு தடவை என்றால் அவசரம், இரண்டாம் தடவை என்றால் பழக்கம். 1966-இல் ஜெனீவா ஷோவில் அவருடைய புகழ்பெற்ற மியூரா அறிமுகமானது. இன்றைக்கும் பார்த்தவர் வாயைப் பிளக்கும் அழகு. இரண்டு சீட்டுக்குப் பின்னால் குறுக்காக வைத்த 12 சிலிண்டர் இன்ஜின் என்பதுதான் அதன் பெருமையே. அந்த இன்ஜின் பாடிக்குள் சரியாகப் பொருந்துகிறதா என்று இந்தத் தடவையும் யாரும் வைத்துப் பார்த்திருக்கவில்லை. மறுபடி உள்ளே பாரம். மறுபடி பூட்டு. கூட்டம் மொய்த்தது, ஆர்டர் குவிந்தது. பகட்டுக்காரர்கள், ஐம்பது வயதுக்காரர்கள் என்று என்ஸோ பிரித்து வைத்த ஜாதிகள் இப்போது இந்தக் கடையிலும் செக்குப் புத்தகத்தோடு நின்றன.

முதல் விற்பனைக் கார் 350 ஜிடியை, ஃபெராரியைவிட விலை ஏறிவிடக் கூடாது என்ற வீம்பில், அடக்க விலைக்கும் கீழே விற்றதாகச் சொல்வார்கள். 1964-இல் போனது 13 வண்டி. க்ளட்ச் லாபத்தை எண்ணித் தொழிலுக்கு வந்த மனுஷனை வீம்பு எங்கே கொண்டுவந்து நிறுத்தியது பாருங்கள்! நல்ல வேளை, ட்ராக்டர் கம்பெனி இருந்தது. வயலில் சம்பாதித்த காசை ஷோரூமில் விட்டார். நம்மூர் மிராசுதார்கள் சினிமா எடுத்த மாதிரி.

மியூரா வாங்கியவர்களின் அனுபவம் எப்படி? பெட்ரோல் டேங்க் முன்பக்கம். ஓட ஓட டேங்க் காலியாகும், முன்பக்கம் லேசாகும், நல்ல வேகத்தில் போகும்போது மூக்கு மேலே தூக்கும். ஸ்டியரிங் இருக்கிறது, சக்கரம் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பது ஓட்டுபவரின் நம்பிக்கை. இன்ஜின் முதுகுக்குப் பின்னாலேயே இருப்பதால் குளிர்காலத்தில் ஹீட்டர் தேவையில்லை, கோடைக்காலத்தில் வேட்டி தேவையில்லை. சில மியூராக்களில் கார்புரேட்டர் பெட்ரோல் சிந்தித் தீயும் பிடித்தது. இந்தப் புகார்களுக்கு சான்டகாட்டா கவுன்டரில் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். எனக்கென்னவோ அந்த வசனம் காதில் கேட்கிறது.

என்றாலும் மியூரா 750-க்கு மேல் விற்றது. ஃபெராரி சாலைக் கார்கள் மாட்டு வண்டி மாதிரி இன்ஜினை முன்னால் பூட்டிக்கொண்டிருந்த காலத்தில், எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பிட்சாரினியின் அந்த இன்ஜினோ வம்சமாக வளர்ந்து, முர்சியலாகோ கார்வரை, 2010 வரைக்கும் ஓடியது. கொத்தனார் தடிமனாகக் கட்டியது வீண் போகவில்லை.

இருவரில் யார் ஜெயித்தார்கள்? 1969-இல் ஃபெராரி கம்பெனியின் பாதிப் பங்கு கைமாறியது. வாங்கியது யார் தெரியுமா? ஃபியட். இருபது வயதில் பூங்கா பெஞ்சில் அழ வைத்த அதே ஃபியட். இந்தத் தடவை அழுகை இல்லை, ரேஸ் விவகாரம் மட்டும் தன் கையில் என்று பேசி வாங்கிக்கொண்டு, 1988-இல் 90 வயதில் போய்ச் சேரும்வரை கறுப்புக் கண்ணாடியோடு மாரனெல்லோவிலேயே உட்கார்ந்திருந்தார்.

லம்போர்கினிக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ட்ராக்டர் வியாபாரம் ஆட்டம் கண்டது. 1972-இல் கார் கம்பெனியின் பெரும்பங்கை ஒரு சுவிஸ்காரருக்கு விற்றார். 1973-இல் ட்ராக்டர் கம்பெனி போனது. 1974-இல் மிச்சப் பங்கையும் கைகழுவினார். அவர் பெயரில் இன்றைக்கு ஓடும் கார்களில் அவர் கைப்பட்டது பெயர்ப்பலகை மட்டும்தான். ஃபெராரியை ஒழித்தே தீருவேன் என்று கிளம்பியதாக நாம் கும்பிடும் மனுஷன் அந்தத் தொழிலில் இருந்தது மொத்தம் பதினோரு வருஷம். பெஞ்ச் அட்ரஸை மனதில் வைத்திருந்தவர் கடைசிவரை இருந்தார். க்ளட்ச் பில்லை மனதில் வைத்திருந்தவர், பில் அடைந்ததும் கிளம்பிவிட்டார்.

அம்ப்ரியா மாகாணத்தில் திரசிமேனோ ஏரிக்கரையில் நிலம் வாங்கி, அப்பா அம்மா செய்த தொழிலுக்கே திரும்பினார். திராட்சை. பிழிந்த ஒயினுக்கு 'மியூராவின் ரத்தம்' என்று பெயர் வைத்தார். ஓய்விலும் மார்க்கெட்டிங் விடவில்லை பாருங்கள். 1993-இல் காலமாகும்வரை, வந்து கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் க்ளட்ச் கதையைச் சொன்னார். அவர் தயாரித்ததிலேயே ஒரு தடவைகூடப் பிரேக்டவுன் ஆகாமல் இன்றுவரை ஓடுவது அதுதான்.

உழவுக்கு அந்தத் தோட்டத்தில் என்ன வண்டி என்று கேட்கிறீர்களா? ட்ராக்டர்தான். என்ஸோ சொன்னது அந்த ஒரு விஷயத்தில் அட்சரம் பிசகவில்லை, மனுஷனுக்கு ட்ராக்டர் நன்றாக ஓட்ட வரும். க்ளட்ச் வழுக்கியதாக அங்கிருந்து புகார் எதுவும் இல்லை.